தாராசுரம் கோயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராசுரம் போய்விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "கோயில் சின்னதுதான், அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டோம்." எனக்கு மனசு கேட்காது. அந்த அரை மணியில் அவர்கள் கண்ணுக்குப் பட்டது தேர்ச் சக்கரமும் குதிரையும் மட்டுமாகத்தான் இருக்கும். இந்தக் கோயிலின் உயிர் முழங்கால் உயரத்தில், சாண் அளவுச் சிற்பங்களில் இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் கிடைக்கும். பல வருடங்களாக உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். போகும்போதெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கோயிலைக் கட்டியது யார்? எப்போது?

இரண்டாம் இராசராச சோழன். 1146-இல் அரசுக்கு வந்து ஏறத்தாழ 1173 வரை ஆண்டவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் வேறு. அவனுக்கும் இவனுக்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. தாராசுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கோயில்.

தாராசுரம் என்று பெயர் வந்தது எப்படி? அசுரன் யாராவது சம்பந்தப்பட்டிருக்கிறானா?

அசுரனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டியபோது கோயிலின் பெயர் இராசராசேச்சுரம், ஊர் இராசராசபுரம். மன்னன் பெயரில் கோயில், கோயில் பெயரில் ஊர். அந்தப் பெயர்தான் வாய்வழியே தேய்ந்து தாராசுரமாக நிற்கிறது.

சுவாமிக்கு ஐராவதேசுவரர் என்ற பெயர் தலபுராணத்தால் வந்தது. துர்வாசர் தந்த மாலையை இந்திரன் தன் யானையான ஐராவதத்தின் தலையில் வைத்தான். யானை அதைக் கீழே போட்டு மிதித்தது. முனிவரின் சாபத்தால் வெள்ளை யானை நிறம் இழந்தது. இங்கே வந்து வழிபட்டு மீண்டும் வெளுத்தது என்பது ஐதீகம். யமனும் சாபத்தால் உடல் எரிய இங்குள்ள குளத்தில் குளித்துக் குணமானான் என்பார்கள். குளத்துக்கு யமதீர்த்தம் என்று பெயர்.

எங்கே இருக்கிறது? ஏன் அந்த இடத்தில்?

கும்பகோணத்திலிருந்து மேற்கே சுமார் 4 கிலோமீட்டர். பக்கத்தில்தான் பழையாறை. சோழர்களின் அரண்மனை இருந்த ஊர் அது. இன்று வயலும் தெருவுமாகக் கிடக்கும் அந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் தலைநகரத்தின் சுற்றுவட்டாரம். அந்த நகரத்துக்கு மன்னன் எடுத்த கோயில் இது. அரண்மனை மண்ணோடு போயிற்று, கோயில் நிற்கிறது.

தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம் பார்த்துவிட்டோம். இதையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். கருவறைக்கு மேலே எழும்பும் விமானம் தஞ்சையில் 60 மீட்டருக்கு மேல் உயரம். தாராசுரம் விமானம் சுமார் 24 மீட்டர்தான். உயரத்தில் போட்டியே இல்லை. ஆனால் தஞ்சையில் அண்ணாந்து பார்த்து வியந்து நிற்பீர்கள். தாராசுரத்தில் ஒரு தூணின் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். முதலாம் இராசராசன் காலத்துச் சிற்பி பெரிய மேனிகளைச் செதுக்கினான். அந்த மன்னனின் வழித்தோன்றல் காலத்துச் சிற்பி அதே கருங்கல்லில் உள்ளங்கை அளவு இடத்துக்குள் ஒரு கதையை அடக்கினான். கருங்கல் மாக்கல்லைப் போல் உளிக்கு இணங்கும் கல் இல்லை. ஒரு சிறு தவறில் விரல் தெறித்துவிடும். அதில் நகக்கண் அளவு முகத்துக்குச் சிரிப்பு வைத்திருக்கிறார்கள்.

தஞ்சை 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன. மூன்றையும் ஒரே வாரத்தில் பாருங்கள் என்பேன். கடைசியாகத் தாராசுரம்.

உள்ளே நுழைவதற்கு முன்பே ஏதோ இடிந்த கோபுரம் நிற்கிறதே?

அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். கிழக்கே அடிப்பகுதி மட்டும் மிஞ்சி நிற்பதுதான் கோயிலின் பழைய பெரிய வாயில். மேல்நிலைகள் போய்விட்டன. அதற்கு உள்ளே இருக்கும் சிறிய கோபுரம் இன்றைய வாயில்.

கோபுரச் சுவரில் வரிசையாக மாடங்கள் இருக்கும். பல மாடங்கள் காலி. ஆனால் அங்கே எந்தத் தெய்வம் இருந்தது என்று எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். சிலை போய்விட்டது, பெயர் இருக்கிறது. கோபுரத்தில் யாரை எங்கே வைப்பது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் போட்ட திட்டம் அப்படியே கல்லில் கிடக்கிறது. இந்தக் கோயிலுக்கே உரிய குணம் இது: செதுக்கியதோடு விடாமல் பெயரையும் எழுதி வைப்பார்கள். இதை நினைவில் வையுங்கள். உள்ளே போனபின் மறுபடி வரும்.

இசைப் படிகள் என்கிறார்களே, தட்டிப் பார்க்கலாமா?

கூடாது. நந்திக்கு அருகே பலிபீடத்துக்கு ஏறும் கல் படிகள் அவை. தட்டினால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு சுரத்தில் ஒலிக்கும். வருகிறவர்கள் எல்லோரும் கல்லால் தட்டித் தட்டித் தேய்ந்ததால் இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு நகருங்கள்.

முன் மண்டபம் ஏன் தேர் வடிவில் இருக்கிறது?

இந்த மண்டபத்துக்கு இராசகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். இராசகம்பீரன் என்பது மன்னனின் பட்டப்பெயர். பக்கவாட்டில் ஆரக்கால்களோடு கல் சக்கரமும், அதை இழுக்கும் பாவனையில் முன்னங்கால் தூக்கிய குதிரையும் இருக்கின்றன. குதிரையின் உடல் முன்னோக்கிச் சாய்ந்து பாரத்தை வாங்குவதைக் கவனியுங்கள். மண்டபம் முழுவதும் ஓர் அடி முன்னால் நகர்ந்துவிடும் போலத் தோன்றும்.

சிவனுக்குத் தேர் என்றாலே நினைவுக்கு வருவது திரிபுரம் எரித்த கதைதான். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்முகன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. அந்தத் தேரைத்தான் இங்கே கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கொள்வது பொருத்தம்.

"ஒடிசாவின் கோனார்க்கைப் பார்த்துச் செய்தார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. கோனார்க் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. தாராசுரம் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. தமிழ்நாட்டிலேயே இதற்கும் முன்னோடி உண்டு. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் மேலக்கடம்பூரில் கருவறையையே தேராகச் செய்திருக்கிறார்கள். அது முதற் குலோத்துங்கன் காலத்துக் கோயில்.

மண்டபத்தின் தூண்களை எப்படிப் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, தரையில் உட்காருங்கள். கீழிருந்து மேலே கண்ணை ஏற்றுங்கள்.

மண்டபத்தின் ஓரத் தூண்களில் சிலவற்றைக் கீழே யாளி தாங்கும். பிடரிமயிர் சுருண்டு, வாய் பிளந்து, சில இடங்களில் யானைத் துதிக்கையோடு. அதன் முதுகிலிருந்து தூண் எழும்பும். உள்தூண்களில் அடிப்பகுதி சதுரம். சதுரத்தின் மேல்முனைகளில் பாம்புப் படம் போலச் சிறு முகை இருந்தால் அதற்கு நாகபந்தம் என்று பெயர். அதற்கு மேலே பல பட்டைகள், பிறகு கலசம், குடம், அகன்ற பலகை, கடைசியாக உத்தரத்தைத் தாங்கும் போதிகை. கோயிலின் காலத்தை ஊகிக்கப் போதிகை கைகொடுக்கும். முற்காலச் சோழர் தூணில் போதிகையின் முனையைச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு பட்டையை விட்டிருப்பார்கள். பிற்காலத்துக்கு வர வர அந்த முனையிலிருந்து பூமொட்டு தலை நீட்டும். விஜயநகரக் காலத்தில் அந்த மொட்டு முழுப் பூவாகத் தலைகீழாகத் தொங்கும். இதைத் தெரிந்துகொண்டால் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும், கல்வெட்டுப் படிக்காமலேயே இந்த மண்டபம் பழையதா பிந்தியதா என்று பாதி சொல்லிவிடலாம்.

இனித் தூணின் சதுரப் பரப்புகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதைப் பலகை. உமையின் தவம், சிவனின் திருமணம், முருகன் பிறப்பு, தக்கன் வேள்வி. வேறு சில தூண்களில் கொடி ஒன்று வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஓர் ஆள்: ஆடுகிறவள், மத்தளம் வாசிக்கிறவன், தாளம் போடுகிறவன். ஒரு வளையம் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆடுகிறவளின் இடுப்பு ஒடிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னல் ஆடுகிறது. ஆட்டத்தின் வேகத்தை அந்தப் பின்னலில் காட்டிவிட்டான் சிற்பி. முதல் முறை போனபோது இதை நான் பார்க்கவே இல்லை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ சாய்ந்த வெயில் விழுந்தபோதுதான் கண்ணில் பட்டது.

காளையும் யானையும் சேர்ந்த சிற்பம் எது?

ரிஷப குஞ்சரம். ரிஷபம் காளை, குஞ்சரம் யானை. இரண்டு உடல், தலை ஒன்று, கண்ணும் ஒன்றுதான். ஒரு கையால் யானையின் உடலை மறையுங்கள்: முகம் நிமிர்த்திய காளை தெரியும். கையை மாற்றிக் காளையின் உடலை மறையுங்கள்: அதே தலை இப்போது யானையின் தலை. கூட்டிக்கொண்டு போகும் குழந்தைகளை முதலில் இங்கேதான் நிறுத்துவேன். கையை மாற்றும் அந்த நொடியில் வரும் கூச்சலுக்காகவே போகலாம். இடம் தெரியாவிட்டால் காவலரைக் கேளுங்கள், காட்டிவிடுவார்.

இதே போன்ற விளையாட்டு வேறு இடங்களிலும் உண்டு. கழைக்கூத்தாடிகள் பின்னிப் பிணைந்து நிற்பார்கள். எந்தக் கால் எவருடையது என்று எண்ணினால் உடலுக்கும் காலுக்கும் கணக்கு உதைக்கும். இருபுறமும் பெண்கள் தாங்கிப் பிடிக்க நின்றபடி பிள்ளை பெறும் தாய் ஒருத்தியும் இருக்கிறாள். அன்றைய பேறுகாலம் எப்படி இருந்தது என்பதை ஏட்டில் தேட வேண்டியதில்லை.

சுவரில் இருக்கும் சில சிலைகள் மட்டும் ஏன் கறுப்பாகப் பளபளக்கின்றன?

சுவர் சாதாரணக் கருங்கல். மாடங்களில் உள்ள தெய்வ உருவங்கள் சிலவற்றை வேறு வகை, கரிய நுண்மணிக் கல்லில் தனியாகச் செய்து மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சுவரிலிருந்து அவை பிரிந்து தெரிகின்றன. எளிதில் பெயர்த்து எடுக்க முடிந்ததற்கும், பல மாடங்கள் காலியானதற்கும் அதுவே ஒரு காரணம்.

மிஞ்சியவற்றில் தவறவிடக் கூடாதவை: மூன்று முகமும் எட்டுக் கையும் கொண்ட அர்த்தநாரி. பாதி ஆண் பாதி பெண்ணாக அர்த்தநாரியை எங்கும் பார்க்கலாம், இப்படி மூன்று முகத்தோடு பார்ப்பது அரிது. கைகூப்பி நிற்கும் நாகராசன். கருவறைச் சுவரில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோற்பவர், வடக்கே பிரமன். இந்த வரிசை சோழர் சிவன் கோயில்களில் பழகிய வரிசைதான். நரசிம்மரின் சீற்றத்தை அடக்கிய சரபரும் இங்கே உண்டு. சரபர் வழிபாடு சோழர் காலத்தின் பிற்பகுதியில் வளர்ந்தது. பக்கத்துத் திரிபுவனம் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அது இன்னும் பெரிதாகும்.

பெரியபுராணச் சிற்பங்கள் எங்கே இருக்கின்றன? அதில் என்ன அவ்வளவு விசேஷம்?

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி, சுவர் தொடங்குவதற்குக் கீழே, வரிசையாகச் சிறு சிறு பலகைகளாக ஓடுகின்றன. ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். நிமிர்ந்து நடப்பவர்கள் இவற்றைக் கடந்து போய்விடுவார்கள். தாராசுரத்தில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் பாருங்கள்.

அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கனின் காலத்தவர். அந்தக் குலோத்துங்கனின் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராசராசன். அதாவது தந்தை காலத்தில் பாட்டாக வந்தது, மகன் காலத்தில் கல்லில் ஏறிவிட்டது. காவியம் பாடி ஒரு தலைமுறைக்குள் அதைக் கோயில் சுவரில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே சுந்தரர் பாடிய தொண்டர் பட்டியலும், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் இருந்தன. ஆனால் ஒவ்வோர் அடியார் வாழ்விலும் எந்த ஒரு கணத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தது சிற்பி. அந்தத் தேர்வைத்தான் நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

இன்னொன்று, மேலே சொன்ன பழக்கம்: பலகைக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அடியாரின் பெயர், சில இடங்களில் என்ன நடக்கிறது என்பதும். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து அது. இன்றைய எழுத்துக்கு மிகவும் தூரமில்லை. புள்ளி இருக்காது, நெடிலும் குறிலும் சில இடத்தில் மயக்கும். ஆனால் 'ட', 'ப', 'ர', 'ய' போன்ற எழுத்துகள் தெரிந்தவுடன் பெயர் தானாக அவிழும். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவர் எழுதியதை எவருடைய உதவியும் இல்லாமல் நீங்களே எழுத்துக்கூட்டிப் படிப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

என் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். முட்டிவலி. இரண்டு பலகை பார்த்தபின் "நீ போ, நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்ததால் சிற்பம் நேராக அவர் கண் உயரத்துக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "இது அவிநாசி முதலைடா." எழுத்தை அவர் படிக்கவில்லை. முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருவதைப் பார்த்தார், போதும்.

கதை இதுதான். சுந்தரர் அவிநாசிப் பக்கம் தெருவில் போகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. கேட்டால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சில ஆண்டு முன்பு ஒன்றாகக் குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. இவன் இருந்திருந்தால் இவனுக்கும் இன்று பூணூல். சுந்தரர் குளக்கரைக்குப் போய், முதலையைப் பிள்ளையைத் தரச் சொல்லும்படி காலனுக்கே ஆணையிடுமாறு இறைவனிடம் பாடுகிறார். முதலை வந்து கரையில் பிள்ளையை உமிழ்கிறது. விழுங்கியபோது இருந்த வயதில் இல்லை, இத்தனை ஆண்டும் வளர்ந்த பிள்ளையாக. அம்மாவுக்கு அந்தப் பதிகம் மனப்பாடம். அங்கேயே உட்கார்ந்து மெதுவாகப் பாடினார். முட்டிவலி வந்ததற்கு அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் திட்டுவார், ஆனால் உண்மை அதுதான்.

நாயன்மார் கதைகள் சுத்தமாகத் தெரியாது என்றால், போவதற்கு முன் நான்கு பேருடைய கதையை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்: கண்ணப்பர், சண்டேசர், அதிபத்தர், பூசலார். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். வலையில் முதலில் விழும் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார், பொன்மீன் விழுந்த அன்றும் விட்டார். பூசலார் பணம் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். கல்லால் கட்டிய கோயிலின் சுவரில், கல்லே இல்லாமல் கோயில் கட்டியவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வடக்குப் பக்கத் திருச்சுற்றில் வரிசையாக ஆட்கள் செதுக்கியிருப்பது யார்?

சைவ ஆசாரியர்கள் 108 பேர். அவரவர் பெயரும் உண்டு. புராணத்தில் வருகிறவர்கள் இல்லை. தேவாரம் ஓதிய, சைவத்தை வளர்த்த மனிதர்கள். மன்னனின் பெயரில் இருக்கும் கோயிலில் ஓதுகிறவர்களுக்குப் பெயர் வெட்டி வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. வாருங்கள்.

விமானத்தின் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆறு உறுப்பு என்பார்கள்: அதிட்டானம் என்ற அடித்தளம், சுவர், பிரஸ்தரம் என்ற கூரைவரி, கழுத்து, சிகரம், கலசம். அதிட்டானத்துக்குள் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கு உண்டு. தாராசுரம் விமானம் ஐந்து தளம். ஒவ்வொரு தளத்திலும் கூடம் என்ற சதுர வடிவிலும் சாலை என்ற நீள்சதுர வடிவிலும் சிறு கோயில் வடிவங்கள் வரிசையாக நிற்கும். அடித்தளத்தைச் சுற்றிச் சிறு நந்திகளும் தாமரைகளும் செதுக்கிய குட்டைச் சுவர் ஓடுகிறது. அதற்கும் விமானத்துக்கும் நடுவே தண்ணீர் நிறுத்தினால், கோயில் ஒரு குளத்தின் நடுவில் நிற்பது போல இருக்கும்.

காவிரிப் படுகையில் ஏது இவ்வளவு கல்?

இல்லை. இது வண்டல் மண். கல் எல்லாம் வெளியிலிருந்து வந்தது. சோழ நாட்டில் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், என்றாலே அப்படித்தான்.

அம்மன் கோயில் ஏன் தனியாக, மதிலுக்கு வெளியே இருக்கிறது?

முற்காலச் சோழர் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி பெரும்பாலும் இருக்காது. பதினோராம் நூற்றாண்டுக்குப் பிறகு திருக்காமக்கோட்டம் என்ற பெயரில் அம்மனுக்குத் தனிக்கோயில் எடுப்பது பரவியது. தாராசுரத்தில் வடக்கே பெரியநாயகி அம்மன் கோயில் தனி மதில், தனி விமானத்தோடு இருக்கிறது. காலத்தில் சுவாமி கோயிலை ஒட்டியதே. பலர் இதைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள். உள்ளே கல் பலகணிகளின் பின்னல் வேலையைப் பாருங்கள்.

எதிரி நாட்டிலிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இங்கே இருக்கிறதா?

இங்கே கிடைத்தது, இப்போது இருப்பது தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தில். மேலைச் சாளுக்கியரின் தலைநகரம் கல்யாணபுரம். இன்று கர்நாடகத்தில் பீதர் மாவட்டத்தில் உள்ள பசவகல்யாண். முதலாம் இராசாதிராசன் அந்த நகரை வென்று, வெற்றிச் சின்னமாக அந்தக் காவல் தெய்வத்தைத் தூக்கி வந்தான். கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலர் என்று அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டியிருக்கிறது. இது நடந்தது பதினோராம் நூற்றாண்டின் நடுவில். தாராசுரம் கோயில் அதற்கு நூறு ஆண்டு கழித்துத்தான் எழுந்தது. வெற்றி கண்டவனின் வாரிசுகள் அதைத் தங்கள் தலைநகர்ப் பகுதியில் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது. நம் பக்கத்துத் துவாரபாலகர்களின் பருமனும் மிரட்டலும் அந்த முகத்தில் இல்லை. கல்லும் வேறு, நகைவேலையும் வேறு.

வேறு என்னவெல்லாம் தஞ்சாவூருக்குப் போயிருக்கிறது?

யானையை உரித்த கோலத்தில் நிற்கும் கஜசம்ஹாரமூர்த்தி, பிச்சை கேட்டு வரும் சிவனான பிச்சாடனர், அவரைப் பார்த்து மயங்கி நிற்கும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகள். இவை தாராசுரத்தின் உச்சம். பிச்சாடனரைக் கண்ட பெண்களில் ஒருத்திக்கு ஆடை நழுவுவது தெரியவில்லை, இன்னொருத்திக்குக் கையில் இருப்பது நினைவில் இல்லை. கஜசம்ஹாரத்தில் உமை அச்சத்தில் ஒதுங்குகிறாள். தாராசுரம் பார்த்த கையோடு தஞ்சாவூர் கலைக்கூடத்துக்கும் போனால்தான் பயணம் நிறைவாகும். ஆனால் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. காலி மாடத்தை இங்கேயும் அதன் சிலையை அங்கேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம், மாடத்தின் அருகில் அங்கே இருந்த சிலையின் படத்தையாவது வைக்கலாம்.

மழைக்காலத்தில் போகலாமா?

போகலாம், ஆனால் தண்ணீர் நிற்கும். நூற்றாண்டுகளில் சுற்றிலும் ஊரின் தரைமட்டம் உயர்ந்துவிட்டது, கோயில் பள்ளத்தில் இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு நந்திப் பக்கம் குளமாகும். கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. தண்ணீரில் விமானத்தின் நிழல் விழுவது பார்க்க அழகுதான், ஆனால் அடித்தளச் சிற்பங்களுக்கு ஈரம் நல்லதில்லை.

எந்த நேரம் நல்லது? எவ்வளவு நேரம் வேண்டும்?

காலை முதல் வெயில், அல்லது மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் சிறு சிற்பங்கள் தட்டையாகிவிடும். கல் தரையும் சுடும், வெறுங்காலால் நிற்க முடியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் செதுக்கலின் ஆழம் தெரியும். வெயில் படாத வடக்குப் பக்கத்துக்கு ஒரு சிறிய டார்ச் எடுத்துப் போங்கள். நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். மழுங்கிய எழுத்துகூட எழுந்து நிற்கும்.

குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கையால் தடவிப் பார்க்காதீர்கள். எண்ணெய், விபூதி, குங்குமம் எதையும் சிற்பத்தின் மேல் வைக்காதீர்கள். சில மூக்குகளும் விரல்களும் இப்படித் தொட்டுத் தொட்டே மழுங்கியிருக்கின்றன. உட்கார ஒரு துண்டு கொண்டு போங்கள். பெரியவர்கள் கூட வந்தால் அவர்களை விமானத்தின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றுங்கள். திரும்பி வரும்போது அவர்கள் உங்களுக்குக் காட்ட ஏதாவது கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.